தோல்விக் கணக்கில் எழுதப்பட்ட கணினிகள்

செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச்செடுத்தாலே ஜிபியு சில்லுகளின் விலையில்தான் வந்து நிற்கிறது. ஒரே கட்டளையை ஆயிரக்கணக்கான சிறு பிராசசர்கள் ஒரே நேரத்தில் நிறைவேற்றும் உத்தி ஏதோ நேற்று முளைத்ததுபோல எழுதுகிறார்கள். அரே பிராசசர் என்ற பெயரில் அது 1960-களிலேயே உருவெடுத்துவிட்டது. அந்த இயந்திரங்களைத் தோல்விக் கணக்கில் எழுதிவைப்பது வழக்கம். அந்தக் கணக்கைத் திருத்த வேண்டும்.

தோல்வி என்பவர்கள் முதலில் காட்டுவது இலியாக்-4. இலினாய் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்லாட்னிக் வடிவமைத்த அதில் 256 பிராசசர்கள் இருந்திருக்க வேண்டும், 64தான் தேறின. 80 லட்சம் டாலரில் முடியும் என்றது 3 கோடியைத் தாண்டியது. 1972-இல் நாசாவின் ஏம்ஸ் மையத்துக்கு வந்தும், ஒழுங்காக வேலை செய்ய 1975 ஆனது. மறுப்பதற்கில்லை. ஆனால் செலவும் தாமதமும் அந்தத் திட்டத்தின் குறைகள். உத்தியை எடைபோட அதற்கேற்ற வேலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியொரு வேலை செயற்கைக்கோள் படம். லாண்ட்சாட் அனுப்பிய ஒரு காட்சியில் ஏறக்குறைய 75 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு அலைவரிசை மதிப்புகள். இதற்காகக் குட்இயர் ஏரோஸ்பேஸ் 1983-இல் நாசாவின் காடர்ட் மையத்துக்குக் கொடுத்த எம்பிபி என்ற இயந்திரத்தில் 128-க்கு 128 என்று 16,384 பிராசசர்கள். ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பிட்டைத்தான் கையாளும். இரண்டு எட்டு பிட் எண்களைக் கூட்ட 2.5 மைக்ரோ விநாடி. அந்தக் காலத்துக்கே அது மந்தம்தான். ஆனால் படத்தின் இரைச்சலைக் குறைக்க ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும் இல்லையா? நான்கு திசையிலும் அண்டை பிராசசரோடு நேரடி இணைப்பு இருந்ததால், 'வடக்கே இருப்பதை வாங்கிக் கூட்டு' என்ற கட்டளை 16,384 இடங்களிலும் ஒருசேர நடந்தது. மந்தமான அந்தக் கூட்டல்கள் சேர்ந்து விநாடிக்கு 650 கோடி ஆயின.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இலேயே எழுப்பிய ஆட்சேபம் வலுவானது. வேலையில் பத்தில் ஒரு பங்கை வரிசையாகத்தான் செய்ய முடியும் என்றால், எத்தனை பிராசசர் போட்டாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. பொதுவான வேலைகளுக்கு இது சரி. படத்திலும் சிக்னலிலும் வரிசையாகச் செய்தே ஆக வேண்டிய கணக்கு மிகக் குறைவு. அங்கே இடறியது வேறிடத்தில்: தரவை உள்ளே கொண்டுவருவதில். எண்ணெய் தேடும் நில அதிர்வுப் பதிவுகளுக்கும் சிடி ஸ்கேனுக்கும் பயன்பட்ட ஏபி-120பி என்ற துணை இயந்திரம் விநாடிக்கு 1.2 கோடி கணக்குகள்வரை போடும். ஆனால் அது சாதாரணக் கணினியோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்தது. எண்கள் அங்கிருந்து வந்து சேரும் நேரமே லாபத்தைத் தின்றுவிடக்கூடும். எம்பிபிக்குத் தரவை மாற்றி அடுக்கித் தரவே தனி நினைவகம் வைத்தது இதற்காகத்தான்.

அப்படியானால் இவை ஏன் மறைந்தன என்று கேட்கலாம். சாதாரண மைக்ரோபிராசசர் ஆண்டுக்கு ஆண்டு மலிவாகவும் வேகமாகவும் ஆனபோது, தனி இயந்திரத்துக்குக் காசு போட யார் வருவார்கள்? 2000-களின் நடுவில் வெப்பம் தடுத்து அந்த ஏற்றம் தளர்ந்ததும் தொழில்துறை திரும்பிய பாதைகளில் ஒன்று இதே பழைய பாதை. இன்று ஜிபியு வாங்க ஒப்பந்தப்புள்ளி கோருகிறவர்கள் உச்ச வேகத்தை மட்டும் பார்க்காமல், நினைவகத்திலிருந்து விநாடிக்கு எவ்வளவு தரவு வந்து சேரும் என்பதையும் நிபந்தனையில் எழுத வேண்டும்.