பழைய காருக்கு எந்த எண்ணெய்?

"20 ஆண்டு ஓடிய சொந்தக் கார் சோதனையில் தேறாவிட்டால் உடைக்க வேண்டியதுதான்!"

மத்திய அரசு 2021-ம் ஆண்டில் அறிவித்த கொள்கை இது.

அதே ஆண்டு ஜூலை 15-ந் தேதி இன்னொரு விதியும் வெளிவந்தது. 50 வயது தாண்டிய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் "விண்டேஜ்" வண்டி என்று பதிவு செய்து காப்பாற்றலாம் என்றது அந்த விதி.

20 வயதுக் காருக்குச் சோதனை. 50 வயதுக் காருக்கு மரியாதை!

வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? ஆனால் அதில் நியாயம் இருக்கிறது. பழைய கார் என்பது நான்கு சக்கரத்தில் நிற்கும் சரித்திரம். அதை உடைத்துவிட்டால் மறுபடி செய்ய முடியாது.

விதி என்ன சொல்கிறது?

முதல் பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க 5 ஆயிரம் ரூபாய். நம்பர் பலகையில் "வி.ஏ." என்ற எழுத்துகள் இருக்கும்.

காரின் அடிச்சட்டம், உடல், என்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது.

தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போகக் கூடாது. வாடகைக்கு விடக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம்.

சரி, விதி காரைக் காப்பாற்றிவிட்டது. காரில் உட்காருகிறவரை யார் காப்பாற்றுவது?

சிக்னலில் ஒரு கார்

புதுச்சேரி நெல்லித்தோப்பு சிக்னலில் நின்று பாருங்கள். ஸ்கூட்டர், ஆட்டோ, பஸ், மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் என்று ஒரே நெரிசல்.

அதன் நடுவே இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஒரு பழைய பந்தயக் கார் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். "எம்.ஜி.பி." என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை செய்த கார். (2019 முதல் நம் நாட்டில் விற்கும் எம்.ஜி. கார்கள் வேறு.)

எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சிறுவர்கள் கை தட்டுகிறார்கள். கார் வேகத்தடையில் ஏறி இறங்குகிறது. ஒரு முறை குதித்து அடங்க வேண்டிய கார், தொட்டில் போல ஆடிக்கொண்டே போகிறது.

பார்ப்பவர்களுக்கு அது அழகு. ஓட்டுகிறவருக்கு ஆபத்து!

ஏன் ஆபத்து?

காரின் எடையை ஸ்பிரிங் தாங்குகிறது. பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் அமுங்கும். பிறகு எழும்பும். விட்டால் அமுங்கி எழும்பிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக் அப்சார்பர்.

இன்றைய கார்களில் அது நீளக் குழாய் போல இருக்கும். பழைய எம்.ஜி.யில் அது ஒரு சிறு உலோகப் பெட்டி. அதிலிருந்து ஒரு கை நீண்டிருக்கும். மோரிஸ் மைனர் காரிலும் இப்படித்தான்.

சக்கரம் ஏறி இறங்கினால் அந்தக் கையும் ஏறி இறங்கும். பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய், சிறு துவாரம் வழியாகப் பிதுங்கி ஓடும். துவாரம் சிறியது. எண்ணெய் அவசரப்பட முடியாது. அதனால் சக்கரமும் அவசரப்பட முடியாது.

எண்ணெய் குறைந்தாலும், தண்ணீர் போல நீர்த்துவிட்டாலும் சக்கரம் குதிக்கும். குதிக்கும் சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காது. தரையைப் பிடிக்காத சக்கரத்துக்குப் பிரேக் போட்டு என்ன பயன்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகும்போது குறுக்கே ஒரு மாடு வந்தால் தெரியும் இதன் அருமை!

எந்த எண்ணெய்?

அந்தக் காலத்தில் இதற்கென்றே ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பெயரில் தனி எண்ணெய் விற்றார்கள். எம்.ஜி.பி. காரோடு கொடுத்த கையேடு அதைத்தான் சொல்கிறது. அது கிடைக்காவிட்டால் "எஸ்.ஏ.இ. 20" அளவுள்ள நல்ல மினரல் எண்ணெய் ஊற்றலாம், ஆனால் கடுங்குளிர் நாட்டுக்கு அது ஆகாது என்றும் சொல்கிறது.

புதுச்சேரியில் கடுங்குளிருக்கு எங்கே போவது? ஆகவே நமக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே கவலை வெயில். சூடு ஏற ஏற எண்ணெய் நீர்த்துப்போகும். அதனால் மிக மெல்லிய எண்ணெயைத் தேடாதீர்கள்.

மோட்டார் சைக்கிளின் முன் போர்க்கில் ஊற்றும் போர்க் ஆயிலில் "20" ரகம் இதற்கு ஏற்றது. நுரை கட்டாமல் இருக்க அதில் மருந்து சேர்த்திருக்கிறார்கள். எண்ணெய் நுரைத்தால் துவாரத்தில் காற்றும் சேர்ந்து ஓடும். பிடிப்பு போய்விடும்.

ஒரு எச்சரிக்கை: டப்பாவில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கியர் ஆயிலின் "80" வேறு கணக்கு, என்ஜின் ஆயிலின் "20" வேறு கணக்கு. போர்க் ஆயிலிலும் ஒரு கம்பெனியின் "20" இன்னொரு கம்பெனியின் "20"-ஐவிடக் கெட்டியாக இருக்கலாம். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றுங்கள்.

"இன்னும் கெட்டியாக ஊற்றினால் ஆட்டம் நின்றுவிடுமே" என்று சிலர் நினைப்பார்கள். அதுவும் தப்பு. அளவுக்கு மீறிக் கெட்டியானால் சக்கரம் பள்ளத்தில் இறங்க நேரமாகும். கார் முரட்டுக் குதிரை போல உதறும். ஒழுகும் பெட்டிக்குக் கெட்டி எண்ணெய் மருந்தல்ல. ஆயில் சீலையும் தேய்ந்த தண்டையும் கவனிக்க வேண்டும்.

பெரிய தவறு

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பிரேக் ஆயிலையும் இந்த எண்ணெயையும் மாற்றி ஊற்றுவது!

முந்தைய பிரேக் ஆயிலில் விளக்கெண்ணெய் சேர்ந்திருந்தது. இன்றைய பிரேக் ஆயில் வேறு ரசாயனம். இரண்டுமே மினரல் எண்ணெய் அல்ல. பிரேக்கில் மினரல் எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் பிடிக்காது. உயிருக்கே ஆபத்து.

1954 நவம்பர் 1-ந் தேதி வரை புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸ் நாட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. அங்கே 1955-ல் வந்த சிட்ரோயன் "டி.எஸ்." கார் எண்ணெயின் அழுத்தத்தாலேயே மிதந்து ஓடியது. முதலில் வந்தவற்றுக்குச் சிவப்புத் திரவம். 1966-ன் பிற்பகுதியிலிருந்து பச்சை மினரல் எண்ணெய். சிவப்பு வண்டியில் பச்சையை ஊற்றினால் ரப்பர் அத்தனையும் பாழ்! பெயர் ஒன்று, உருவம் ஒன்று. எண்ணெய் மட்டும் வேறு.

செய்ய வேண்டியது

காரின் ஒரு மூலையைக் கையால் பலமாக அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் பட்டறைக்குப் போக வேண்டும்.

மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடையுங்கள். ஒரு துளி மண் உள்ளே போனாலும் துவாரம் அடைபடும். எண்ணெய் ஊற்றியபின் கையை மேலும் கீழும் பல முறை அசைத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

இவையெல்லாம் வயதான மெக்கானிக்குகளின் கை அறிந்த வித்தை. இன்றைய குழாய் ஷாக் அப்சார்பர் கெட்டால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டுகிறார்கள். பழைய பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். காரைப் பதிவு செய்ய விதி வந்துவிட்டது. அவர்களுடைய அறிவைப் பதிவு செய்ய எந்த விதியும் வரவில்லை.

ஆகவே பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம். எந்த இடத்தில் எந்த எண்ணெய் என்று தெரிந்த மெக்கானிக்கைக் கேட்டு, ஒரு அட்டையில் தமிழில் எழுதி, காரிலேயே ஒட்டிவையுங்கள். அடுத்த 50 ஆண்டில் அந்தக் காரைத் தொடப்போகிற பையனுக்கு அதுதான் பாடப்புத்தகம்.