கூட்ஸ் இன்ஜினுக்கு மூக்கு எதற்கு?

பொங்கலுக்குப் பேரன் வந்திருந்தான். நாக்பூரில் படிக்கிறான். தண்டவாளமே இல்லாத கொல்லிமலையில் வளர்ந்த பிள்ளைக்கு ரயில் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று அவன் அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை. எனக்குப் புரிகிறது. என்னிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

தை மாதத்தில் குண்டூர் நாட்டில் வெயில் மெதுவாகத்தான் எட்டிப்பார்க்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பேரன் கைப்பேசியை நீட்டினான்.

"தாத்தா, இதப் பாருங்க. இதெல்லாம் ஒரு மூஞ்சியா?"

நாக்பூர் பக்கம் அவன் எடுத்த படம். டபிள்யூ.ஏ.ஜி.-12பி என்று பெயர். பீகாரில் மாதேபுராவில் பிரான்சு நாட்டு அல்ஸ்தோம் நிறுவனமும் நம் ரயில்வேயும் சேர்ந்து நடத்தும் ஆலையில் செய்தது. அதைப் பார்க்க இவனும் இரண்டு நண்பர்களும் விடுமுறை நாளில் காமிராவோடு போவார்களாம். ஒருவன், "இரும்புப் பீரோவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கிறது" என்றானாம். இன்னொருவன், "கம்பீரம்டா இது, உனக்குக் கண் இல்லை" என்று சண்டைக்குப் போனானாம். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லையாம். இன்ஜினின் முகத்துக்காக!

மிளகு பறிக்க வந்திருந்த பக்கத்துக் காட்டுக்காரரும் படத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு எருமைய முதுகோட முதுகு சேத்துக் கட்டின மாதிரி இருக்குங்கய்யா. இதுல எது தல, எது வாலு?" என்றார்.

சிரித்தோம். ஆனால் மூன்று விமரிசகர்களில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான். அது உண்மையிலேயே முதுகோடு முதுகு சேர்த்த இரண்டு பாதிகள். எட்டு அச்சு, 12,000 குதிரைத்திறன். நாம் வழக்கமாகப் பார்க்கும் டபிள்யூ.ஏ.ஜி.-9 இன்ஜினுக்கு ஆறு அச்சு, ஆறாயிரத்துச் சொச்சம் குதிரைத்திறன். புதியதற்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. எந்தப் பக்கமும் தலைதான். திருப்பி நிறுத்த வேண்டிய வேலையே இல்லை. 2015-ல் 800 இன்ஜின்களுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. 2020 மே மாதம், நாடு முழுக்க ஊரடங்கில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, முதல் முறையாகச் சரக்கு இழுத்தது. அப்போது அதன் பின்னால் இருந்தவை 118 வேகன்கள்.

பேரனைக் கண்டிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் முகம் பார்த்து மயங்கியவன்தான். சிறுவயதில் புதுச்சேரி ஸ்டேஷனில் மீட்டர்கேஜ் நீராவி வண்டி விழுப்புரத்துக்குக் கிளம்புவதைப் பார்ப்பதற்காகவே பள்ளிக்குத் தாமதமாகப் போய், தாமதத்துக்கு பிரெஞ்சில் மன்னிப்பு எழுதியிருக்கிறேன். சென்னைக்கு மாமா வீட்டுக்குப் போனபோது சென்ட்ரலில் டபிள்யூ.பி. இன்ஜினை முதலில் பார்த்தேன். துப்பாக்கிக் குண்டு மாதிரி கூம்பிய மூக்கு, அதன் மேல் பளபளவென்று நட்சத்திரம். பக்கத்துத் தடத்தில் டபிள்யூ.ஜி. என்ற சரக்கு இன்ஜின் நின்றது. கரி அப்பிய தட்டை முகம். அதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், இரண்டுக்கும் கொதிகலன் ஒன்றேதான் என்று. ஒரே வயிறு. பயணிகளை இழுப்பவளுக்கு மூக்கும் மூக்குத்தியும். அரிசியும் நிலக்கரியும் இழுப்பவளுக்கு ஒன்றும் கிடையாது. இத்தனைக்கும் 1950-ல் சித்தரஞ்சன் ஆலையிலிருந்து வெளிவந்த முதல் இன்ஜினே ஒரு டபிள்யூ.ஜி.தான். 'தேசபந்து' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தார்கள், மூக்கு வைக்கவில்லை. அந்த மூக்காவது காற்றைக் கிழித்ததா என்றால், அன்றைக்கு ஓடிய வேகத்துக்கு அதனால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. அலங்காரம்தான்.

முகத்துக்குப் பெயர் வைப்பதில் பிரெஞ்சுக்காரர்களும் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். 1954-ல் அவர்கள் நாட்டின் வடகிழக்கில் நிலக்கரியும் இரும்புத் தாதும் ஏற்றிப்போகும் பாதையை மின்மயமாக்கியபோது பே-பே 12000 என்று ஒரு வகை இன்ஜின் வந்தது. ஓட்டுநர் அறை நட்டநடுவில், முன்னும் பின்னும் தாழ்வான பெட்டி. அதற்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் 'ஃபேர் ஆ ரெபாஸே', அதாவது இஸ்திரிப்பெட்டி. கேலிதான், ஆனாலும் வீட்டுச் சாமானின் பெயர். அறையை நடுவில் வைத்ததால் ஒரே இருக்கையிலிருந்து இரு பக்கமும் பார்க்கலாம். கோணலாகத் தெரிந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பாதையில் தேறிய 25,000 வோல்ட் மின்முறையைத்தான் 1957-ல் பிரெஞ்சு ரயில்வேயின் ஆலோசனையோடு நம் நாடும் எடுத்துக்கொண்டது. இன்று நம் தலைக்கு மேல் ஓடும் மின்கம்பி அந்த இஸ்திரிப்பெட்டியின் உறவுக்காரன்.

பிறகு பால் அர்சான்ஸ் என்று ஓர் ஓவியர் பிரெஞ்சு ரயில்வேக்கு இன்ஜின் முகம் வரைந்து கொடுத்தார். 'நே காஸே', உடைந்த மூக்கு என்று அவற்றுக்குப் பெயர். ஓட்டப்பந்தயக்காரன் விசில் சத்தத்துக்குக் காத்துக் குனிந்திருப்பதைப் போல முகம் முன்னால் சாய்ந்திருக்கும். அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் கண்ணாடியை அப்படி உள்வாங்கிச் சாய்த்ததில் ஓட்டுநர் கண்ணுக்கு வெயில் கூச்சம் குறைந்தது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்த அழகு முழுசாகும்.

இன்னொன்று. 1955 மார்ச்சில் பிரெஞ்சு ரயில்வே மணிக்கு 331 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தது. ஓடிய இரண்டு இன்ஜின்களில் ஒன்று அல்ஸ்தோம் செய்தது. இரண்டுமே அன்றாடம் ஓடும் பெட்டி வடிவ இன்ஜின்கள்தாம். காற்றுக்காகக் கூர்மையாக்கியது வண்டியின் கடைசிப் பெட்டியின் வாலை மட்டும்! மூக்கு இல்லாமலேயே சாதனை நடந்தது.

நம் ஊர்க் கதையும் உண்டு. 2022 அக்டோபரில் மும்பையிலிருந்து காந்திநகர் போன வந்தே பாரத் வண்டி எருமைகள் மீது மோதி, அந்த அழகான மூக்கு பிய்ந்து போனதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரே நாளில் வேறு மூக்கு மாட்டினார்கள். அந்த வேகத்துக்கு அந்த மூக்கு வேண்டும்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் நிதானமாக ஊர்ந்து ஆயிரக்கணக்கான டன்னை இழுக்கும் கூட்ஸ் வண்டிக்கு மூக்கு எதற்கு? காற்றுத் தடையில் பெரும்பங்கு பின்னால் வரும் வேகன் வரிசையில் இருக்கிறது. இன்ஜினின் முன்முகத்தைச் செதுக்கி என்ன லாபம்?

இவ்வளவும் பேரனிடம் சொன்னேன். "சரி தாத்தா, வேலைக்கு ஏத்த முகம்னு ஒத்துக்கிறேன். ஆனா அழகு இல்லைன்னு சொல்றது தப்பா?" என்றான்.

தப்பில்லை. ஆனால் எனக்கு உடனே பதில் வரவில்லை. காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஏழு வயதில் எனக்குப் பெரியம்மை போட்டது. உயிர் பிழைத்தேன், முகம் பிழைக்கவில்லை. எழுபதுகளில் அரசாங்கக் குமாஸ்தா வேலை கிடைத்து ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். முதலில் பொதுமக்கள் மனு கொடுக்கும் முன்மேசையில் உட்காரவைத்தார்கள். இரண்டாம் வாரம் மேலதிகாரி கூப்பிட்டு, மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்: "மிசியே, அது ஜனங்க முதல்ல பாக்கிற இடம். நீங்க உள்ள ரிக்கார்டு ரூமைப் பாத்துக்கங்களேன்." பதினோரு வருஷம் ரிக்கார்டு ரூம். ஜன்னல் இல்லை. மின்விசிறி பாதி நாள் ஓடாது. கழிப்பறைக்குக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். முன்மேசையில் மட்டும் புது வார்னிஷ், பூச்சாடி.

புதுச்சேரியில் பழைய சொத்துப் பத்திரங்கள் பிரெஞ்சில் இருக்கும். என் பள்ளிப்படிப்பு பிரெஞ்சில். அதனால் முன்மேசைக்கு வந்த பாதிப் பேரின் காரியம் ரிக்கார்டு ரூமில்தான் முடிந்தது. என்னைப் பார்க்காமலே நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள், முன்மேசையில் உட்கார்ந்திருந்தவரிடம். அவர் நல்ல மனிதர். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை.

பார்க்க லட்சணமில்லாத முகத்தைப் பிரெஞ்சில் 'விசாழ் ஆங்க்ரா' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், நன்றி கெட்ட முகம். பள்ளியில் அந்தத் தொடரைப் படித்தபோதே எனக்குத் தோன்றியது: நன்றி கெட்டது முகமா, பார்க்கிறவரா?

அழகைப் பற்றிப் பேசுவது விளையாட்டாக இருக்கும் வரை நல்லது. பீரோ என்று சொல்லுங்கள், எருமை என்று சொல்லுங்கள். இங்கே கீழே நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்களே, அவர்கள் வண்டியின் முகத்துக்குச் செய்யும் அலங்காரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பூ, கொடி, திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம். சரக்கு வண்டிதானே என்று ஒருவரும் விடுவதில்லை. ரசனை வேண்டும். ஆனால் வெளிமுகத்தோடு பார்வை நின்றுவிட்டால், முன்மேசைக்கு வார்னிஷும் ரிக்கார்டு ரூமுக்கு இருட்டும்தான் மிஞ்சும்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். இன்ஜினில் தெரியாது. உள்ளே ஏறித்தான் பார்க்க வேண்டும். நம் நாட்டில் பல பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான இன்ஜின்கள் ஓடின. எதிலும் கழிப்பறை கிடையாது. இன்ஜினுக்குள் முதல் உயிரிக் கழிப்பறை வந்தது 2016-ல்! அதற்கு முன்பே பெண்கள் லோகோ பைலட்டுகளாக வந்துவிட்டார்கள். பயணிகள் வண்டியாவது ஸ்டேஷனில் நிற்கும். கூட்ஸ் வண்டியை எங்கோ ஒரு லூப் லைனில் மணிக்கணக்கில் நிறுத்திவைப்பார்கள். இறங்கிப் போகவும் முடியாது. தண்ணீர் குடிக்காமலேயே வேலை பார்ப்பதாக எத்தனை பெண்கள் சொல்லிவிட்டார்கள். கோடையில் அறைக்குள் இருக்கும் வெக்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாதேபுரா இன்ஜினின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் உண்டு. புதிதாகக் கட்டும் இன்ஜின்கள் எல்லாம் கழிப்பறையோடும் குளிர்சாதனத்தோடும் வருகின்றன என்று ரயில்வே அமைச்சகம் 2024-ல் சொன்னது. என்னைக் கேட்டால், இந்திய இன்ஜினின் தோற்றத்தில் என் வாழ்நாளில் வந்த பெரிய மாற்றம் அதுதான். வெளியிலிருந்து எடுக்கும் எந்தப் படத்திலும் அது தெரியாது. பழைய இன்ஜின்கள் இன்னும் ஏராளம் ஓடுகின்றன. அவற்றுக்கும் வர வேண்டும்.

இந்த மலையில் ரயில் இல்லை. பிறகு எனக்கென்ன என்று கேட்பீர்கள். என் மகள் இங்கே பள்ளி ஆசிரியை. மதிய உணவில் பிள்ளைகளின் தட்டில் முட்டை விழுகிறது. அந்தக் கோழிகளின் தீவனத்துக்கு பீகார் போன்ற தூர மாநிலங்களிலிருந்து மக்காச்சோளம் கூட்ஸ் வண்டியில் நாமக்கல்லுக்கு வருகிறது. அதை இழுத்து வந்த இன்ஜின் இஸ்திரிப்பெட்டி மாதிரி இருந்ததா, எருமை மாதிரி இருந்ததா என்று பிள்ளைகள் கேட்பதில்லை. முட்டை எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததா என்பதுதான் அவர்கள் கவலை.

ஊருக்குக் கிளம்பும்போது பேரனிடம் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். "அடுத்த தடவை இன்ஜின் படம் எடுத்தால், நின்றிருக்கும் வண்டியாக இருந்தால், ஓட்டுநரைக் கேட்டு அவரையும் எடு. உள்ளே உட்கார எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேள்."

போன வாரம் படம் வந்தது. அதே பீரோ முகம். பக்கத்து ஜன்னலில் ஒரு மனிதர் கையை வெளியே நீட்டிச் சிரிக்கிறார். கீழே பேரன் எழுதியிருந்தான்: "ஏசி நல்லா இருக்காம் தாத்தா. சீட்டுதான் இடுப்ப வலிக்குதாம்."

படம் அழகாக இருந்தது.