பாட்டிலுக்கு பெயின்ட் அடித்தால் குப்பை குறையுமா? ‘அப்சைக்கிளிங்’ சொல்லாத கணக்கு

போகிக்கு முந்தைய வாரம் வந்தாலே இரண்டு குரல்கள் கேட்கத் தொடங்கும். ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குரல்: டயர், பிளாஸ்டிக், பழைய துணி எதையும் எரிக்காதீர்கள். 2018 போகியன்று பனியும் புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தையே திணறடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்னொரு குரல் செல்போனில் கேட்கும்: “தூக்கிப் போடாதீங்க, இதை இப்படிச் செஞ்சு பாருங்க!” காலி பாட்டில் விளக்காகும், நியூஸ்பேப்பர் போட்டோ ஃப்ரேமாகும், பழைய டயர் பூந்தொட்டியாகும். கொலு, தீபாவளி, பொங்கல், பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட் என்று வருஷம் முழுக்க இதற்கு சீசன்தான்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. செய்பவர்களுக்கு ஒரு சின்ன வருமானமும் வருகிறது. ஆனால் இதனால் குப்பை நிஜமாகவே குறைகிறதா? பதில் எந்தப் பொருளைக் கையில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அப்சைக்கிளிங் என்றால் என்ன?

பழைய பொருளை உடைத்து, உருக்கி மூலப்பொருளாக்கினால் அது மறுசுழற்சி. அப்படி உடைக்காமல், இருக்கும் உருவத்தை வைத்தே முன்பைவிட மதிப்புள்ள இன்னொரு பொருளாக மாற்றுவது அப்சைக்கிளிங். ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளர் ரெய்னர் பில்ஸ், 1994இல் பிரிட்டனின் ‘சால்வோ’ இதழுக்கு அளித்த பேட்டியில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கட்டட இடிபாடுகளை நொறுக்கி மதிப்பைக் குறைக்கிறார்கள், நமக்குத் தேவை பழைய பொருளின் மதிப்பைக் கூட்டுவது என்பது அவருடைய வாதம். அதாவது அவர் பேசியது கட்டடப் பொருட்களைப் பற்றி, ஷோகேஸ் பொம்மைகளைப் பற்றி அல்ல.

அந்த அர்த்தத்தில் பார்த்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடப்பதுதான் சரியான அப்சைக்கிளிங். இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் கதவும் ஜன்னலும் தூணும் எனாமல் பாத்திரமும் அங்கே வந்து சேர்ந்து, வேறு ஊர்களின் வீட்டிலும் ஹோட்டலிலும் மறுபடி வேலைக்குப் போகின்றன.

நம் வீடுகளிலும் இது புதிதல்ல. பழைய பேப்பரையும் வெந்தயத்தையும் ஊறவைத்து உரலில் ஆட்டி, அந்தக் கூழைக் குடத்தின் மேல் கவிழ்த்து அப்பிக் காயவைத்துக் கூடை செய்த தலைமுறை இன்னும் இருக்கிறது. வெந்தயத்தின் பிசுபிசுப்புதான் பசை. அரிசி, பருப்பு போட்டு வைக்க அந்தக் கூடை வருஷக்கணக்கில் உழைத்தது. முறத்தில் ஓட்டை விழுந்தால் அதே கூழை வைத்துப் பூசினார்கள். அதை யாரும் கலை என்று சொல்லவில்லை, பரிசாகவும் கொடுக்கவில்லை. அந்தக் கூடை இருந்ததால் கடையில் இன்னொரு டப்பா வாங்கவில்லை, அவ்வளவுதான். குப்பைக் கணக்கில் முக்கியமான இடம் இதுதான்: செய்த பொருள் இன்னொரு பொருள் வாங்குவதைத் தடுத்ததா, இல்லை வீட்டில் இருப்பவற்றோடு இன்னொன்றாகச் சேர்ந்ததா?

பாட்டிலில் என்ன சிக்கல்?

கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. உடைந்த கண்ணாடியைக் கலந்தால் உலைக்கு எரிபொருளும் மிச்சம். பீர் பாட்டில்களோ உருக்கப்படுவதற்கு முன்பே பலமுறை கழுவி நிரப்பப்படுகின்றன. ஆக, காலி பாட்டிலுக்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. காயலாங்கடையில் போட்டால் அது தன் பாட்டுக்குப் போய்ச் சேரும்.

தமிழ்நாட்டில் இப்போது அதற்கு அரசே விலை வைத்திருக்கிறது. காடுகளில் வீசப்படும் மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பதைச் சுட்டிக்காட்டிய சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டில்களைத் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்குக் கூடுதலாக ரூ.10 வசூல், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த ரூ.10 கைக்கு வரும். பிறகு படிப்படியாகப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

இப்போது அதே பாட்டிலில் சணல் கயிறு சுற்றி, க்ளூ கன்னால் பாசிமணி ஒட்டி, அக்ரிலிக் பெயின்ட் அடித்து, வார்னிஷ் பூசி, உள்ளே பேட்டரி விளக்குச் சரம் விட்டால்? ஒரே பொருளாக இருந்தது கண்ணாடி, பசை, பிளாஸ்டிக், பேட்டரி எல்லாம் கலந்த பொருளாகிவிடுகிறது. அலுத்துப்போய் இரண்டு வருஷம் கழித்துப் போட்டால் பழைய பேப்பர் கடைக்காரர்கூடத் தொடமாட்டார். உரித்து எடுக்கும் கூலிக்கே பாட்டில் விலை கட்டாது. நேராகக் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். சுருக்கமாகச் சொன்னால், மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டிய ஒன்றை நாமே குப்பையாக்கி, அதற்காகப் புதிதாக நாலு பொருளும் வாங்கியிருக்கிறோம். பாட்டிலில் செடி வைப்பதையோ தண்ணீர் ஊற்றி வைப்பதையோ இதில் சேர்க்க வேண்டாம். அது பாட்டிலாகவே இருக்கிறது.

நியூஸ்பேப்பருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். கிலோவுக்கு விலை கொடுத்து வாங்கிப் போக ஆள் இருக்கும் பொருள் அது. கரூர் காகிதபுரத்தில் உள்ள டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையோடு, பழைய காகிதத்தையும் மை நீக்கிப் பயன்படுத்துகிறது. பேப்பரைச் சுருட்டி வெறும் மைதா பசையில் ஒட்டிய கூடை என்றால் பரவாயில்லை. பிளாஸ்டிக் பூச்சும் ஜிகினாத் தூளும் ஏறிய பிறகு அது காகிதமே இல்லை. இன்னொன்று: அந்தக் கூடையில் பஜ்ஜியோ முறுக்கோ நேரடியாக வைக்க வேண்டாம். அச்சு மையிலுள்ள ரசாயனங்கள் உணவில் இறங்கும் என்பதால், 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிகை விதிமுறைகள் செய்தித்தாளில் உணவு மடிப்பதையே தடை செய்துள்ளன.

அப்போ எதை எடுத்துச் செய்யலாம்?

துணி. பழைய துணிக்குத்தான் ஒழுங்கான போக்கிடம் இல்லை.

முன்பு பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்கள் தெருவுக்கு வருவார்கள். பட்டுப் புடவை என்றால் எவர்சில்வர் அண்டாவே கிடைக்கும் என்று பேரம் நடக்கும். அந்தக் குரல் இப்போது பல தெருக்களில் கேட்பதில்லை. உடுத்தும் துணியில் பாலியஸ்டர் கலப்பு கூடிவிட்டதால், பழைய வேட்டி மாதிரி கைப்பிடித் துணியாகவோ தரை துடைக்கவோகூட அது ஆகாது, தண்ணீரை உறிஞ்சாது. திருப்பூரின் பனியன் கட்டிங் வேஸ்ட்டுக்கு நிலைமை வேறு. பருத்தித் துண்டுகளைப் பிரித்து மறுபடி நூலாக்கும் ஓப்பன் எண்ட் மில்கள் கோவை, உடுமலை வட்டாரத்தில் நிறைய உண்டு. மிச்சம் மீதி மெஷின் துடைக்கப் போகும். ஆலைக் கழிவுக்கு இருக்கும் அந்த வழி நம் பீரோவில் கிடக்கும் ஜார்ஜெட் புடவைக்குக் கிடையாது. வீட்டில் கிடக்கும், அல்லது போகி அன்று எரியும்.

அதனால்தான் பழைய புடவையில் தைத்த பை, மெத்தை விரிப்பு, திரைச்சீலை, தலையணை உறை, மிதியடி எல்லாம் உண்மையிலேயே கணக்கில் நிற்கின்றன. ஐந்தரை மீட்டர் புடவையில் உள்துணி வைத்துத் தைத்தாலும் ஐந்தாறு பைகள் தேறும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பருத்தி விளைவிக்கவும் நூலாக்கிச் சாயம் ஏற்றவும் தண்ணீரும் மின்சாரமும் ஏகத்துக்கும் செலவாகும். டென்மார்க் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதிய பருத்திப் பை ஒன்றைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் பருவநிலைக் கணக்கில் அது பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். தண்ணீர் உள்ளிட்ட எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கான முறை. (சாக்கடையை அடைக்கும் பிளாஸ்டிக், மாட்டு வயிற்றில் சேரும் பிளாஸ்டிக் இதெல்லாம் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே கேரி பேக்குக்குத் திரும்பிவிடாதீர்கள்.) பழைய புடவையில் தைத்த பைக்கு அந்தப் பருத்திக் கடன் கிடையாது. கல்யாணத் தாம்பூலத்துக்கு ஐந்நூறு புதுப் பை ஆர்டர் கொடுப்பவர்கள், அதில் ஒரு பங்கையாவது இப்படித் தைத்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

தேங்காய் ஓடு, உடைந்த நாற்காலிச் சட்டம், காலாவதியான கல்யாண அழைப்பிதழ் அட்டை போன்றவையும் இந்த வகைதான். ஜரிகையும் லேமினேஷனும் ஏறிய அழைப்பிதழைப் பேப்பர் கடையிலும் எடுக்கத் தயங்குவார்கள். வெட்டி கிஃப்ட் கவராக, மொய்க் கவராக ஆக்கினால் புதுக்கவர் வாங்குவது மிச்சம்.

செய்யும்போது எங்கே கவனம் தேவை?

முதலில் டயர். வண்ணம் அடித்து மாடியில் வைத்த டயரின் உள்வளைவில் மழைத் தண்ணீர் தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் ஓரத்தில் ஒட்டியிருக்கும் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். எனவே டயரில் அடிப்பக்கம் துளை போடாமல் செடி வைக்காதீர்கள். மணி பிளான்ட் பாட்டிலில் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அடுத்தது பெயின்ட் டப்பா. வீடியோக்களில் இதுதான் அதிகம் தொட்டியாகிறது. ஆனால் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் காலி பெயின்ட் டப்பாவை வீட்டு அபாயக் கழிவுப் பட்டியலில்தான் வைத்திருந்தன, டியூப் லைட்டுக்கும் பூச்சிமருந்து டப்பாவுக்கும் பக்கத்தில். அதில் புதினா, கொத்தமல்லி வளர்ப்பது நல்ல யோசனை அல்ல.

பழைய மரச்சாமானுக்கு மறுவண்ணம் அடிப்பவர்களுக்கு ஒரு விஷயம் அவசியம் தெரிய வேண்டும். வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாளால் வறட்டென்று தேய்த்தால் அந்தத் தூசி வீடெங்கும் படியும், தவழும் குழந்தையின் வாய்க்குப் போகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாட்டியின் தொட்டிலைப் புதுப்பிக்கிறேன் என்று இறங்குபவர்கள் வெளியில் வைத்து, ஈரப்படுத்தித் தேய்த்து, முகக்கவசம் போட்டுச் செய்ய வேண்டும்.

வருமானம் நிஜமா?

மூலப்பொருள் சும்மா கிடைக்கிறது என்பதால் முழுக்க லாபம் என்று சொல்லிப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. உதாரணத்துக்கு ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். அலங்காரப் பாட்டில் ஒன்றுக்குப் பசை, பெயின்ட், கயிறு எல்லாம் சேர்த்து 80 ரூபாய், வேலை மூன்று மணி நேரம், விற்பது 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 120 ரூபாய், மணிக்கு 40. தமிழ்நாட்டில் 2025-26க்கான நூறு நாள் வேலைக் கூலி ஒரு நாளுக்கு ரூ.336, எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 42. கூரியரில் உடையும் பாட்டில், விற்காமல் தங்கும் பாட்டில், போட்டோ எடுத்துப் பதில் சொல்லும் நேரம் இதெல்லாம் இன்னும் சேர்க்கவில்லை. “பழைய பாட்டில்தானே, எதுக்கு இருநூறு?” என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு அந்த மூன்று மணி நேரம் தெரிவதில்லை.

இந்த இடத்தில் ஆரோவிலின் ‘சுனாமிகா’ நினைவுக்கு வருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, சுற்றியுள்ள மீனவக் கிராமப் பெண்களைக் கொண்டு உபாசனா டிசைன் ஸ்டூடியோ செய்வித்த கட்டைவிரல் அளவு துணிப் பொம்மை. தையலில் மிஞ்சும் வெட்டுத் துணிதான் பொருள். பொம்மைக்கு விலையே கிடையாது, பரிசாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் செய்த பெண்களுக்குக் கூலி உண்டு, அது நன்கொடையிலிருந்து வந்தது. லட்சக்கணக்கில் செய்யப்பட்டு உலகமெங்கும் போனது. பொருள் இலவசமாக இருக்கலாம், உழைப்பு இலவசமில்லை என்பதை முதல் நாளிலேயே பிரித்து வைத்ததால்தான் அது ஓடியது.

இப்போது விற்க நினைப்பவர்களுக்கு ஒரு தடை குறைந்திருக்கிறது. முன்பு ஆன்லைன் தளத்தில் ஒரே ஒரு பை விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் வரம்புக்குள் (தமிழ்நாட்டில் சரக்கு விற்பவர்களுக்கு ரூ.40 லட்சம்) இருப்பவர்கள், ஜிஎஸ்டி தளத்தில் ஒரு பதிவெண் மட்டும் வாங்கிக்கொண்டு மாநிலத்துக்குள் விற்கலாம். வெளி மாநிலத்துக்கு அனுப்ப இந்தச் சலுகை பொருந்தாது. பெங்களூருவிலிருந்து ஆர்டர் வந்தால் பதிவு செய்துவிட்டுத்தான் பார்சல் கட்ட வேண்டும்.