சுட்டு விரல்

எங்கள் வீட்டில் காற்றின் தரத்தை அளக்கும் கருவி, என் மனைவியின் சுட்டு விரல். காலையில் ஜன்னல் விளிம்பில் ஒரு இழுப்பு. நுனி கறுத்தால் ‘என்னங்க...’ என்று ஒரு குரல். அடுத்த நிமிஷம் என் கையில் ஈரத்துணி. சர்வே, தீர்மானம், அமலாக்கம் எல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். எந்த சர்க்காரும் இந்த வேகத்தில் இயங்கி நான் பார்த்ததில்லை.

நெய்வேலிக்காரனுக்கு இது பழகிய சமாசாரம். 1956-ல் கம்பெனி வந்தது, 1962-ல் கரண்ட் வந்தது. கூடவே தூசும் வந்தது.

ஆனால் விரலில் ஒட்டுகிற தூசு சாது. நிஜ வில்லன் கண்ணுக்கே தெரியாத பி.எம். 2.5. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. நேராக நுரையீரலின் அடிவரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். வருஷ சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை என்கிறது நம் நாட்டு விதி. உலக சுகாதார நிறுவனமோ 2021-ல் 5-க்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டது. ஜெனீவாக்காரனுக்கும் நமக்கும் நுரையீரல் ஒரே மாடல்தானே ஸார்?

சரி, இந்த நம்பர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சூரத்தைக் கேளுங்கள். 1994-ல் அங்கே பிளேக் பீதி. லட்சக்கணக்கான பேர் கிடைத்த ரயிலில் ஏறி ஓடினார்கள். 1995-ல் எஸ்.ஆர். ராவ் கமிஷனராக வந்தார். அவர் திட்டத்துக்குப் பெயர் ‘ஏ.ஸி. டு டி.ஸி.’ அதாவது, ஏர்கண்டிஷன் ரூமை விட்டு டெய்லி வேலைக்கு இறங்கு! அதிகாரிகள் தினமும் தெருவில் நின்றார்கள். எந்த ஏரியாவில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிகளிடம் கணக்கு வாங்கினார்கள். கணக்கு ஏறிய இடத்துக்குத் துடைப்பம் போயிற்று. 1996-ல் ‘இன்டாக்’ அமைப்பு, நாட்டிலேயே சுத்தத்தில் இரண்டாவது நகரம் என்று சூரத்தைச் சொன்னது.

இதை ஆபீஸில் பெருமையாகச் சொன்னேன். பக்கத்து ஸீட் நண்பர் டவுன்ஷிப் ஆர்ச் கேட்டைத் தாண்டி கிராமத்திலிருந்து வருகிறவர். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டார்:

“உங்க சராசரில எங்க ஊரு இருக்கா ஸார்?”

எனக்குச் சோறு இறங்கவில்லை. வட்டத்துக்கு வட்டம் மரமும் ரோடும் ஆஸ்பத்திரியும் உள்ள டவுன்ஷிப்பில் உட்கார்ந்து கணக்கெடுத்தால் சராசரி அழகாகத்தான் வரும். குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 2023-ல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் வெளியிட்ட ஆய்வில், வடக்கு வெள்ளூரில் ஒரு வீட்டருகே எடுத்த தண்ணீரில் 250 மடங்கு இருந்ததாகச் சொன்னார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்தது. யாரோ அந்தத் தெருவரைக்கும் பாட்டிலோடு போனதால்தான் அந்த நம்பரே பிறந்தது.

அதனால் தம்பிகளே, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 லீவில் ஊருக்குப் போனால் முழு நாளும் தூங்காதீர்கள். கிராம சபையில் மூன்றே கேள்வி: எந்தத் தெருவில் டெஸ்ட் பண்ணீங்க? எவ்வளவு வந்தது? அடுத்த டெஸ்ட் எப்போ?

இன்று காலை வழக்கம்போல் விரல் இழுப்பு. நண்பர் கேட்டதை மனைவியிடம் சொன்னேன். கறுத்த நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“நமக்குத் துடைக்க ஜன்னல் இருக்குங்க. அவங்க தண்ணிய எதால துடைப்பாங்க?”

ஈரத்துணி என் கையிலேயே இருந்தது.