பழி போச்சா?

இந்த வாரம் ஒரு ஆங்கில வார்த்தை: 'இன்கல்பபிள்'. ஏதோ அல்சர் மாத்திரை பெயர் மாதிரி இருக்கிறதா? அர்த்தம், 'பழி சொல்ல இடமில்லாத'. லத்தீனில் 'கல்பா' என்றால் தவறு. நம் கோர்ட்டுகளில் அடிக்கடி அடிபடும் 'கல்பபிள் ஹோமிசைட்' இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

முன்னால் 'இன்' போட்டால் 'இல்லை' என்றாகிவிடும், அவ்வளவுதானே என்று கிளம்பாதீர்கள். 'இன்கல்பேட்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. அதற்கு அர்த்தம், குற்றத்தில் மாட்டிவிடுவது! ஒரு 'இன்' இல்லை என்கிறது, இன்னொரு 'இன்' உள்ளே தள்ளுகிறது. ஆக, போலீஸ் உங்களை இன்கல்பேட் செய்தாலும் நீங்கள் இன்கல்பபிளாக இருக்கலாம். பெட்ரோல் லாரியின் முதுகில் இருக்கும் 'இன்ஃப்ளேமபிள்' தீப்பிடிக்காது என்று நம்பி பீடி பற்றவைத்தவர் கதிதான், அவசரப்பட்டு அர்த்தம் பண்ணினால்.

பி.காம். படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆடிட்டர் 'அன்குவாலிஃபைட்' ரிப்போர்ட் கொடுத்தால் முதலாளி ஸ்வீட் வாங்கிக் கொடுப்பார். கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

'இன்னொசென்ட்' போதாதா என்றால், போதாது. அதில் 'பாவம், ஒண்ணும் தெரியாத பிள்ளை' என்ற வாசனை இருக்கிறது. இன்கல்பபிள் ஆசாமிக்கு எல்லாம் தெரியும். ஆனால் தப்பு அவர் மேல் இல்லை.

இது வெறும் அகராதி விளையாட்டும் இல்லை. தெருச் சண்டை கேஸில் பத்தோடு பதினொன்றாக ஒரு பையன் பெயர் சேர்கிறது என்று வையுங்கள். சாட்சிகள் பல்டி. 'சந்தேகத்தின் பலன்' கொடுத்து விடுதலை. வீட்டில் பாயசம். அப்புறம் போலீஸ் வேலைக்கு மனுப் போடுகிறான். தமிழ்நாடு போலீஸ் வேலை விதிகளில் ஒரு விளக்கம் உண்டு: சந்தேகத்தின் பலனில் விடுதலையானவர், கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். பாயசம் வேஸ்ட்.

அப்போ எது சரியான விடுதலை? 'ஆனரபிள் அக்விட்டல்', அதாவது கௌரவமான விடுதலை. இந்தச் சொல்லும் 'பழியிலிருந்து விடுதலை' என்பதும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே கிடையாது, தீர்ப்புகளில் உருவானவை என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டே சொன்னது. சட்டப் புத்தகத்தில் இல்லாத சொல்தான் பையனுக்கு வேலை உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறது.

'குற்றம் நிரூபிக்கப்படவில்லை' என்பது கேஸைப் பற்றிய தீர்ப்பு. 'பழியில்லாதவன்' என்பது ஆளைப் பற்றியது. முதலாவதை ஜட்ஜ் எழுதிக் கொடுத்துவிடுவார். இரண்டாவதுக்குத்தான் பையன் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறான்.