வளைநாய் வாங்கும் வளமனையாளர்க்கு!

'டெரியர்' என்று ஆங்கிலர் வழங்கும் நாயை நம் நகர்ப்புறத்துப் புதுச்செல்வர் பெருமையோடு வாங்கி வருகின்றனர். வாங்குவோருள் எத்துணைப் பேர் அச்சொல்லின் பொருளை அறிவர்? நிலம் என்னும் பொருள்தரும் 'தெர்ரா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. நிலத்தடி வளைக்குள் புகுந்து வேட்டையாடும் நாய் என்பது கருத்து. ஆகலின் வளைநாய் என நாம் வழங்கலாம். பெயரிலேயே தொழில் விளங்கிநிற்க, தொழிலை நோக்காது தோற்றத்தை நோக்கி வாங்குவது அறிவுடைமை ஆகுமா?

ஆங்கிலன் இந்நாய்களை அழகு பார்ப்பதற்கென்று உருவாக்கினான் அல்லன். ஏர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நீர்நாய் வேட்டைக்கு வளர்க்கப்பட்டது ஏர்டேல். இன்று மடியில் வைத்துக் கொஞ்சப்படும் யார்க்சயர் வளைநாய், அன்று ஆலைகளில் எலி பிடித்தது. 1819-இல் ஆக்சுபோர்டில் மாணவராயிருந்த சான் இரசல் என்பார், பால்காரர் ஒருவரிடம் 'டிரம்ப்' என்னும் பெட்டை நாயை வாங்கினார். அதன் வழியினது எனப்படும் சாக் இரசல், வளையில் ஒளிந்த நரியை வெளியே விரட்டுதற்கென்றே வளர்க்கப்பட்டது.

அத்தகைய நாயை ஈரறை மாடிவீட்டில் பூட்டிவைத்தால் யாதாகும்? தோண்ட மண்ணின்றித் தலையணையைக் கிழிக்கும், ஓயாது குரைக்கும், கதவு சற்றே திறப்பின் அணிலைத் துரத்திப் பாயும். வேட்டை வெறியில் ஓடுங்கால் உடையவன் குரல் அதன் செவியில் ஏறாது. பின்னர், "நாய் தொலைந்து போயிற்று" என்பர். நாய் தொலையவில்லை ஐயா, தொலைத்தவர் நீவிர்!

அங்ஙனமாயின் நம் மண்ணின் நாயை வாங்கிவிட்டாற் போதுமோ எனின், போதாது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியன நம் பெருமைக்குரியன, ஐயமில்லை. ஆனால் அவையும் வெட்டவெளியில் ஓடி வேட்டையாடவும் காவல்புரியவும் வளர்ந்தவை. 2005-இல் இராசபாளைய நாய்க்கு அஞ்சல்தலை வெளிவந்தது கண்டு மகிழ்ந்துவிட்டு, அந்நாயையே மாடிக்கூண்டில் அடைப்பவனின் இனப்பற்று வெறும் வாய்ப்பற்றே. இடமும் நேரமும் உடையாரே வேட்டைநாய் வளர்க்க. ஏனையோர்க்குத் தெருவில் பிறந்த குட்டியொன்று போதும். அதுவும் அன்பறிந்த உயிரே.

வெள்ளையனிடம் நாயை வாங்கிய நாம், அவன் ஒழுங்கை வாங்கினோமில்லை. தொலைந்த நாய்களுக்கென 1860-இலேயே இலண்டனில் இல்லம் கண்டார் மேரி டீல்பி என்னும் அம்மையார். பொதுவிடத்தில் செல்லும் நாயின் கழுத்துப்பட்டையில் உடையவர் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும் என்பது அங்குச் சட்டம். 2016 முதல் இங்கிலாந்தில் நாயின் தோலடியில் அடையாள நுண்சில்லும் கட்டாயம். இங்கோ, ஆயிரக்கணக்கில் விலைகொடுத்தவன் ஒரு தகட்டில் தொலைபேசி எண் பொறிக்கவும் கூசுகின்றான்!

நாய் தவறினால் அந்நாழிகையே தேடுக. அண்டை அயலார்க்கும் கால்நடை மருத்துவர்க்கும் மாநகராட்சிக்கும் படத்தோடு அறிவிக்க. தவறிய நாயைக் கண்டவர் "எனக்குக் கிடைத்தது" என்று வைத்துக்கொள்ளற்க. அது பிறர் பொருள், பிறர் வீட்டுக் குழந்தையின் கண்ணீர். அஞ்சிய நாய் கடிக்கும். ஆதலின் கைநீட்டாது முதலில் நீர் வைக்க. மருத்துவரிடம் கொண்டுசென்று நுண்சில்லு உண்டா எனப் பார்க்கச் சொல்க. உரிமை கோரி வருவானிடம், அறிவிப்பிற் சொல்லாது விட்ட அடையாளம் ஒன்றைக் கேட்டுத் தெளிந்த பின்னரே ஒப்படைக்க.

வாயில்லா உயிரைப் பகட்டுக்கு வாங்கிப் பழுத்த வெயிலில் தெருவில் விடுவது தமிழர் அறமன்று. வளர்க்க இயலாதார் வாங்கற்க. வாங்கினார் இறுதிவரை காக்க!