கேட்பார் இல்லாத ஒப்பந்தக்காரர்கள்

சித்திரை பிறந்துவிட்டால் தில்லியில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை தேடிக்கொண்டு வருகிறது. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன், பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவன் என்று பார்க்காமல் எல்லோரையும் ஏ.சி. ஒப்பந்தக்காரர் 'ஹெல்ப்பர்' என்று பெயர் சூட்டி மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். நாளுக்கு 400 ரூபாய், அதிகம் போனால் 500. தில்லி அரசு 2025 ஏப்ரலில் பயிற்சியற்ற தொழிலாளிக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மாதம் 18,456 ரூபாய். 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 710 ஆகிறது. மிச்சம் யார் பையில் போகிறது என்று கேட்க நம் வீடுகளில் யாருக்கும் துணிவு வருவதில்லை. வேலை கொடுத்தாரே, அது போதாதா என்று இருந்துவிடுகிறோம்.

சென்ற கோடையில் நம் குடியிருப்புப் பையன் ஒருவன் மூன்றாம் மாடிச் சன்ஷேடில் நின்றுகொண்டு ஏ.சி.யின் வெளிப் பெட்டியைக் கழற்றினான். இடுப்பில் பெல்ட் இல்லை, கயிறுகூட இல்லை. துருப்பிடித்த ஸ்டாண்டு பெயர்ந்துவர, அவனும் கீழே வந்தான். உயிர் தப்பியது, இடுப்பும் வலது காலும் முறிந்தன. ஒப்பந்தக்காரர் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, தாயின் கையில் 5,000 ரூபாயை வைத்து, "அக்கா, இவனை நான் வேலைக்கு வைக்கலை, தொழில் கத்துக்க வந்த பையன்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒப்பந்தக்காரர் வேற்றாள் அல்ல, நம் ஊர்க்காரர்தான். இதை எழுதக் கை கூசத்தான் செய்கிறது. எழுதாமல் விட்டால் அடுத்த கோடையிலும் ஒரு தாய் அதே வாசலில் நிற்பாள்.

சட்டம் என்ன சொல்கிறது? வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் சட்டம். ஒரு கம்பெனி தன் தொழிலைச் சேர்ந்த வேலையை இடையில் ஓர் ஒப்பந்தக்காரரை வைத்துச் செய்தாலும் அந்தப் பொறுப்பிலிருந்து அது தப்ப முடியாது. 2020-இல் இயற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த விதி இருக்கிறது. ஆனால் பையனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லையே! சம்பளச் சீட்டு இல்லை, அடையாள அட்டை இல்லை. அவன் வேலை செய்தான் என்பதற்குச் சாட்சி அந்த உடைந்த கால் ஒன்றுதான்.

ஒப்பந்தக்காரருக்கு லைசென்ஸ் வேண்டாமா என்று கேட்கிறீர்கள். வேண்டும் என்றுதான் 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது, 20 பேருக்குக் குறையாமல் வைத்திருந்தால். 1979-இல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதில் 5 பேர் இருந்தாலே லைசென்ஸ். இன்னொரு புதிய தொகுப்பு இந்த இரண்டையும் விழுங்கி, ஒப்பந்தத் தொழிலாளர் கணக்கை 50 ஆகவும் வெளிமாநிலத்தார் கணக்கை 10 ஆகவும் உயர்த்திவிட்டது. ஏ.சி. ஒப்பந்தக்காரரிடம் இருப்பது நாலு பையன்கள், ஐந்து பையன்கள். போதாததற்கு, தில்லியிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளை சட்டத்தின் கண்ணில் வெளிமாநிலத்தானும் அல்ல. வாடகைக்கு வீடு கேட்கப் போனால் மட்டும் அவன் மதராஸி!

தொழிலுக்கான லைசென்ஸ் கதை இன்னும் விசித்திரமானது. கட்டடத்தில் மின்சார வேலை செய்ய அரசு லைசென்ஸ் பெற்ற ஒப்பந்தக்காரரும் பெர்மிட் பெற்ற வயர்மேனும் வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டு விதிகளிலும் உண்டு, 2023-இல் மத்திய மின்சார ஆணையம் வகுத்த விதிமுறைகளிலும் உண்டு. பல்பு, விசிறி, பியூஸ், சுவிட்ச் மாற்றும் சில்லறை வேலைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கின் சந்து வழியாக ஏ.சி. மாட்டுகிறவர்கள் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். ஒன்றரை டன் ஏ.சி.க்குத் தனி வயர் இழுத்து, எம்.சி.பி. போட்டு, எர்த் கொடுப்பதும் பல்பு மாற்றுவதும் ஒன்றா? காஸ் வேலைக்கோ எந்த லைசென்சும் கட்டாயமில்லை. மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட குளிர்விப்புச் செயல்திட்டம் 2022-23-க்குள் 1,00,000 மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தது. சான்றிதழ் இல்லாதவனை இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்ற சட்டத்தைக் காணோம்.

இந்த வேலையில் எமன் எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. பழைய ஏ.சி.யில் இருந்த ஆர்-22 காஸ் தீப்பிடிக்காது. இப்போதைய ஏ.சி.களில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-32 மெதுவாக எரியக்கூடியது. அழுத்தமும் பழையதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். குழாயில் காஸ் மிச்சமிருக்கும்போதே பற்றவைப்பு விளக்கை நீட்டினால் என்ன ஆகும்? ஓட்டை பார்க்க நைட்ரஜன் ஏற்ற வேண்டும். நைட்ரஜன் சிலிண்டர் கையில் இல்லையென்று ஆக்சிஜனை ஏற்றினால், கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து வெடித்துவிடும். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஐ.டி.ஐ.யில் இந்தத் தொழிலை 2 வருஷம் கற்பிக்கிறார்கள். ஒப்பந்தக்காரரோ இரண்டு நாளில் பையனைச் சன்ஷேடில் ஏற்றிவிடுகிறார்.

ஏமாறும் இடத்திலும் நாம்தான் இருக்கிறோம். கடன் வாங்கி ஒரு பழைய ஏ.சி. மாட்டிய வீடுகள் நம்மில் எத்தனை! மாட்டுவதற்கு 1,500, சாதாரண சர்வீஸ் 500 அல்லது 600, காஸ் போட 2,500 முதல் 3,000 என்பது நம் பகுதிகளில் கேட்கும் கூலி. செம்புக் குழாய் அடிக்கணக்கில் தனி, ஸ்டாண்டு தனி. இதில் பெரிய புரட்டு, "காஸ் தீர்ந்துபோச்சு" என்ற வருஷாந்தரப் பாட்டு. ஏ.சி. காஸ் அடுப்புக் காஸ்போலச் செலவாகித் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் காஸ் போடுகிறவர் அடுத்த சித்திரைக்கும் தனக்கு வேலை தேடி வைக்கிறார். எவ்வளவு காஸ் என்பது பெட்டியின் மேல் ஒட்டிய தகட்டிலேயே கிராம் கணக்கில் இருக்கும். தராசு வைத்து நிறுத்துப் போடச் சொல்லுங்கள். தராசு இல்லை என்றால் அவர் மெக்கானிக் இல்லை.

கூலர் வைத்திருக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. தகரக் கூலரில் எர்த் இல்லாமல் தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருப்பது கொலைக்கருவி. பம்பு மாற்ற வருகிறவரிடம் முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் சன்னல் இல்லாத குளியலறைக்குள் காஸ் கீசர் மாட்டித் தருகிற ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

2025 ஜூன் 1-ஆம் தேதி ஜங்புரா மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டபின், நரேலாவுக்கும் வேறு இடங்களுக்கும் சிதறிப்போன குடும்பங்களில் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தாய்மார் பலர் வேலையை இழந்தார்கள். வருமானம் போன வீட்டிலிருந்து முதலில் வெளியே இழுக்கப்படுவது படிக்கிற பிள்ளைதான். ஒப்பந்தக்காரருக்கு இது தெரியும்.

மெக்கானிக்குகள் எல்லோருக்கும் கட்டாய லைசென்ஸ் கொண்டு வா என்று சிலர் எழுதுகிறார்கள். நமக்கு அதில் சம்மதமில்லை. இருபது வருஷமாகக் கையால் தொழில் கற்றவனை ஒரு காகிதத்துக்காக அதிகாரிகளின் மேஜை மேஜையாக அலையவிட்டால், மாமூல் வாங்க இன்னொரு கை முளைக்கும், அவ்வளவுதான். லைசென்ஸ் ஒப்பந்தக்காரருக்கும் வேலை கொடுக்கும் கம்பெனிக்கும் இருக்கட்டும், ஓர் ஆள் வைத்திருந்தாலும் இருக்கட்டும். பெல்ட், காப்பீடு, பெயர்ப் பதிவு இல்லையென்றால் லைசென்ஸ் ரத்து. தொழிலாளிக்கு வேண்டியது கட்டணமில்லாத சோதனையும் சான்றிதழும். சோதிக்கிறவர் அவன் வேலை செய்யும் இடத்துக்கு வரட்டும். கூலிப் பட்டியலைக் கடை வாசலில் இந்தியிலும் தமிழிலும் எழுதி ஒட்டச் சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?

சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பிள்ளையை அனுப்பும் முதல் நாளே ஒப்பந்தக்காரரின் பெயர், முகவரி, தினக்கூலி மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கூலியைக் கையில் வாங்காமல் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அந்த வரவே நாளைக்குச் சாட்சி சொல்லும். கையெழுத்துத் தாளின் நகல் ஒன்றைச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவையுங்கள். கால் முறிந்த பையனுக்காகத் தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருக்கிறோம். அவனுடன் அன்று வேலை செய்த மற்ற இரண்டு பிள்ளைகளும் சாட்சி சொல்ல வர வேண்டும். அவர்களுடைய பெற்றோர் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறோம்.